சத்தமே இல்லாத விண்வெளியை வானொலியில் காட்டியது எப்படி?

அடுத்த கேள்வி. "விண்வெளியில் காற்று கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. அப்படியிருக்க 1950களின் அறிவியல் புனைகதை வானொலி நாடகங்களில் ராக்கெட் உறுமுவது தப்பில்லையா? படமும் இல்லாமல் ஜனங்கள் எப்படி ஒன்றிப்போனார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

ரொம்ப நல்ல கேள்வி. மைக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பாதி குழப்பம் தீர்ந்துவிடும். சினிமாவில் கேமரா கப்பலுக்கு வெளியே போய் நிற்கும். வானொலி நாடகத்தில் நாம் பெரும்பாலும் கப்பலுக்குள்தான் உட்கார்ந்திருப்போம். உள்ளே காற்று உண்டு, எஞ்சின் அதிர்வு சுவர் வழியாக வரும். ஆள் வெளியே இறங்கினாலும் ஹெல்மெட்டில் இருக்கிற ரேடியோ வழியாகத்தான் பேச வேண்டும். குரலின் கனத்தை வடிகட்டிவிட்டால் போதும், போனில் கேட்பது போல ஆகிவிடும். அந்த மெலிந்த குரலைக் கேட்டதுமே ஆள் வெளியே தனியாக நிற்கிறான் என்று நமக்குப் புரிந்துவிடும்.

பிபிசியின் 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1953ல் தொடங்கியது, எழுதித் தயாரித்தவர் சார்லஸ் சில்டன். 1965ல் நாலு பேர் நிலாவுக்குப் போகிற கதை. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் மேலே போனதே 1957ல்தான், அதையும் நினைத்துப் பாருங்கள்! அந்த நாலு பேரில் லெம்மி என்பவன் ரேடியோ ஆபரேட்டர், கலகலப்பான லண்டன்காரன். அவன் காதில் விநோதமான ஓர் இசை விழுகிறது. மனுஷ நடமாட்டமே இல்லாத இடத்தில் யார் வாசிப்பது? எனக்கு அந்த இடத்தில் இன்றும் புல்லரிக்கும். லெம்மி கேட்பதும் ரேடியோ, வீட்டில் நேயர் கேட்பதும் ரேடியோ. அவன் காதில் விழுவது அப்படியே நம் காதிலும் விழுகிறது.

அப்புறம் இரண்டாவது தொடர், 'தி ரெட் பிளானட்', செவ்வாய்ப் பயணம். அதில் விட்டேக்கர் என்று ஒருவன். ஏற்ற இறக்கமே இல்லாத குரலில், கட்டளைக்குக் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்வான். மேக்கப் இல்லை, வேஷம் இல்லை. குரலில் உணர்ச்சியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான், பயமாகிவிட்டது. பிரிட்டனில் மாலை நேரத்தில் டிவியைவிட அதிகம் பேரை இழுத்த கடைசி வானொலி நிகழ்ச்சி என்று 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்'ஸைத்தான் சொல்வார்கள்.

அமெரிக்காவில் என்பிசியின் 'எக்ஸ் மைனஸ் ஒன்' 1955ல் வந்தது. கவுண்ட்டவுனோடு ஆரம்பிக்கும், எண்ணி முடித்ததும் ராக்கெட் கிளம்பும். அந்த உறுமல் தரையில் நின்று கேட்பது, அதனால் அதில் தப்பே இல்லை.

ஆனால் நான் முதலில் கேட்கச் சொல்வது அதற்கும் முந்தைய 'டைமன்ஷன் எக்ஸ்'. ரே பிராட்பரியின் 'தேர் வில் கம் சாஃப்ட் ரெய்ன்ஸ்' கதை 1950 மே மாதம் பத்திரிகையில் வந்தது, ஜூன் மாதமே இவர்கள் ஒலிபரப்பிவிட்டார்கள். தானாக இயங்கும் ஒரு வீடு. காலையில் அதன் குரல் மணி சொல்லி எழுப்புகிறது, சமையலறை தானே காலை உணவு செய்து வைக்கிறது. சாப்பிட யாரும் வரவில்லை. அணுகுண்டு விழுந்து குடும்பமே போய்விட்டது, வெளிச்சுவரில் அவர்கள் நிழல் மட்டும் பதிந்திருக்கிறது. படமாக எடுத்தால் காலி வீட்டைத்தான் காட்ட முடியும். வானொலியில் அந்தக் குரல் கூப்பிட்டுவிட்டு நிறுத்தும்போது, பதில் வருமா என்று நாமும் காத்திருக்கிறோம். வரவே வராது.