முள் காட்டும் சூடும் எஞ்சினின் சூடும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய வேனில் பள்ளிப் பிள்ளைகளையோ, தோவாளைச் சந்தைக்குப் பூவையோ, குளச்சலிலிருந்து மீனையோ ஏற்றிப் பிழைக்கிறவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் செலவுகளில் என் மனத்தை மிகவும் வருத்துவது, எஞ்சின் சூடேறி, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட் வளைந்துபோவதுதான். அதைவிட வருத்தம், சூடே ஏறாத வண்டிக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சாமான்களை மாற்றிப் பணத்தை இழப்பது. தக்கலைப் பக்கம் நெடுநாளாகப் பட்டறை வைத்திருக்கிறவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு நட்டைக் கூடக் கழற்றுவதற்கு முன், சூடு உண்மையிலேயே இருக்கிறதா, இருந்தால் எந்தச் சாலையில், எந்த வேகத்தில், எத்தனை நேரத்தில் ஏறுகிறது என்பதைக் கண்டுகொள்ளுங்கள்.

முதலில் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பற்றிப் பேசுவோம். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரில் மூக்கை நுழைத்தபடி ஒரு சிறிய சென்சார் இருக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதன் மின்தடை குறையும், தடை குறைந்தால் மீட்டர் வழியே மின்னோட்டம் கூடும், முள் ஏறும். ஆகவே ஒயர் உரசி இரும்பில் பட்டாலும் முள் மேலே போகும், ஒயர் அறுந்தாலும் முள் கீழே கிடக்கும். இரண்டுக்கும் எஞ்சின் சூட்டுக்கும் தொடர்பே இல்லை.

சில மாதங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி வேன் வந்தது. சாயங்காலம் ஹெட்லைட்டைப் போட்டால் முள் ஏறுகிறது, பகலில் ஏறுவதில்லை என்றார் அதன் சொந்தக்காரர். அதற்குள் வேறொரு பட்டறையில் தண்ணீரைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டரும், தண்ணீர் சூடானதும் அங்கே போக வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டும் மாற்றப்பட்டிருந்தன. தெர்மோஸ்டாட் மூடியின் மேல் சிறு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டினேன்: 88 டிகிரி. விளக்கைப் போட்டேன், முள் சிவப்புக் கோட்டை நோக்கி எழுந்தது, வெப்பமானி 88-லேயே நின்றது. எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும், விளக்கின் மின்னோட்டம் திரும்பிப் போகும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றியபோது, உப்புக் காற்றில் அது பச்சையும் பழுப்புமாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கியதோடு வேலை முடிந்தது. கறுப்பு டேப்பை ஏன் ஒட்ட வேண்டும் என்றால், பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அந்த வெப்பமானியை நேராகக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். இதை அறியாமல் "சூடே இல்லையே" என்று அனுப்பிவைக்கப்பட்ட வண்டிகளும் உண்டு.

இதற்கு நேர்மாறானதுதான் ஆபத்தானது. தண்ணீர் ஓடும் ரப்பர் குழாயான ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால், சென்சாரின் மூக்கு வெறும் ஆவியில் நிற்கும். தண்ணீர் தொடாத சென்சார் சரியாகச் சூடேறாது. முள் மெல்லக் கீழே இறங்கும். "அண்ணாச்சி, முள்ளு கீழதானே நின்னுச்சு" என்று ஒரு டிரைவர் தம்பி கண் கலங்கி நின்றதை நான் மறக்கவில்லை. ஓட்டத்தின் நடுவே முள் காரணமில்லாமல் இறங்கினால், ஏறினாற்போலவே எண்ணி உடனே ஓரங்கட்டுங்கள்.

சூடு உண்மை என்று உறுதியானால், அடுத்த கேள்வி எங்கே ஏறுகிறது என்பது. மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும்போது ஏறி, சாலை திறந்ததும் இறங்கினால், அது பெரும்பாலும் ஃபேன் குறைபாடு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஆளேற்றி ஏறும்போது கூடி, சமதளத்தில் தணிந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை என்று ஐயப்பட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே கொதித்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்வதை முப்பந்தல் காற்றாலைகளைக் கண்ட எவரும் அறிவர். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வண்டிக்கு அது முதுகுக் காற்று. வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்று பின்னாலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ரேடியேட்டருக்குக் கிடைப்பது 10 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கிறது, வண்டி குளிர்ந்துவிடுகிறது. "போகும்போது மட்டும் சூடாகிறது" என்று சொல்லப்பட்ட ஒரு வேனில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகே எனக்கு இது புலப்பட்டது. அந்த வண்டியின் ஃபேன் தளர்ந்திருந்தது. ஊருக்குள் சமாளித்தது, முதுகுக் காற்றில் தோற்றது.

ஃபேனைச் சோதிக்க ஒரு தாள் போதும். ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் அமைப்பானால், அது சுற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தில் ஒரு நாளிதழ்த் தாளைப் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றியபோது இரு ஒயர்களையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டார்கள். ஃபேன் பின்னோக்கிச் சுற்றுகிறது. பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமுங்கினால் தொய்வு.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, நாம் ஊற்றும் தண்ணீரே பாதி வியாதி. போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கடலோரக் கிணற்று நீரில் இருக்கும் உப்போ அலுமினிய ஹெட்டை அரித்துத் தின்கிறது. ஒரு பங்கு கூலன்ட்டும் ஒரு பங்கு டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுவது விலை கூடுதல் என்று தோன்றலாம். ஹெட்டைக் கடைசல் கடைக்குக் கொண்டுபோகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. அடைப்பை அறிய, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அதை அணைத்து, அதே வெப்பமானியை ரேடியேட்டரின் பரப்பு முழுவதும் மெதுவாக நகர்த்துங்கள். சுற்றிலும் சூடாக இருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் தணிந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சூடு பிரச்சினை தீரும் என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் எண்ணெயும் எரிபொருளும் வீணாகும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் குறுக்கு வழி திறந்தே கிடந்து, தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும். ஐயம் இருந்தால் அதை அடுப்பில் தண்ணீர் வைத்து நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். மேலே பொறித்திருக்கும் எண், பெரும்பாலும் 82, அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லது.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அதில் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.9 பார் வரை அது தாங்கும்; அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் கெட்டுப்போனால் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும். எஞ்சின் ஆறிய பின் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால், மூடியின் நடுவிலிருக்கும் சிறிய வால்வு ஒட்டிக்கொண்டு, ஸ்பேர் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப விடவில்லை.

ஹெட் கேஸ்கட்டைக் கண்டறிய, இரவு முழுதும் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் சில குமிழ்கள் அடைத்த காற்றாக இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்தோறும் நிற்காமல் குமிழி வந்தாலோ, மூடியைப் போட்ட ஓரிரு நிமிடத்திலேயே, எஞ்சின் இன்னும் சூடாகாத நிலையில், ஹோஸ் கல்போல இறுகினாலோ, எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்; வண்டியை மேலும் ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்லுங்கள்.

சாலையில் ஆவி கிளம்பினால் எஞ்சினை அணைத்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். பழைய வேன்கள் பலவற்றில் முன் சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின் இருப்பதால், பிள்ளைகளை முதலில் இறக்கி நிழலில் நிறுத்துங்கள். ஹோஸைக் கையால் பிடித்துப் பார்க்கும் சூட்டுக்கு வந்த பிறகே, தடித்த துணியை மடித்து மூடியின் மேல் போட்டு, முதல் திருப்பத்தோடு நிறுத்தி, சீறல் அடங்கிய பின் முழுவதும் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்; ஆறிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

நன்றி, வணக்கம்.