பார்க்கிற கூலி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டு ரிப்பேர் வேலைக்கு ஆள் கூப்பிடுவது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் சொன்னபோது அரை மணி நேரம் கேட்டேன். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆசாரி என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் போகிறதோ போகட்டும்.

நான் அரசு ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவுக்குப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். அது ஓராண்டுப் படிப்பு. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சார், பாத்ரூம்ல ஒழுகுது, நல்ல ஆளா ஒருத்தரச் சொல்லுங்க" என்பார்கள். அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். "காசு ஜாஸ்தி கேக்குறாங்க சார், வேலையும் நிக்கறதில்ல."

இரண்டும் உண்மைதான். எங்கள் பக்கத்தில் கொத்தனாரின் நாள்கூலி 1,000 ரூபாயை எப்போதோ தாண்டிவிட்டது. சித்தாள் கூலி தனி. பத்து நிமிஷ வேலைக்கு பிளம்பர் 500 ரூபாய் கேட்கிறார் என்று வருத்தப்படுகிறோம். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வண்டியில் வருகிறார். குழாயைக் கழற்றினால் உள்ளே நிப்பிள் என்கிற இணைப்புத் துண்டு இற்றுப்போயிருக்கிறது. அரை இஞ்ச் நிப்பிளும் டெஃப்லான் டேப்பும் வாங்கக் கடைக்குப் போகிறார். கடையில் கூட்டம். திரும்பி வந்தால் நீங்கள் கேட்வால்வை மூட மறந்திருக்கிறீர்கள், டேங்க் தண்ணீர் எல்லாம் தரையில். மாட்டி முடிக்கும்போது மணி பன்னிரண்டு. பன்னிரண்டு மணிக்கு மேல் அவரை யாரும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவருக்கு அது அரை நாள். அதனால்தான் நான் எப்போதும் சொல்வது: சொட்டுகிற குழாய், ஆடுகிற வாஷ்பேசின், நிற்காத ஃப்ளஷ் டேங்க் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். ஒரே நாளில் கூப்பிடுங்கள். கூலி அதேதான், வேலை நாலு முடியும்.

ஆனால் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது கூலியைப் பற்றி இல்லை. நாம் கொடுக்காத ஒரு கூலியைப் பற்றி. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பார்க்கிற கூலி. டாக்டர் நாடி பிடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல, வெந்நீர் குடிங்க" என்று அனுப்பினாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருகிறோம். பிளம்பர் வந்து பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, வாஷர் மாத்தினா போதும்" என்றால் அவருக்கு என்ன கொடுப்போம்? காபி கொடுப்போம். அப்புறம் அவர் எப்படிச் சின்ன வேலையாகச் சொல்வார்?

என் சகலை வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஸ்ரீரங்கத்தில் பழைய ஃபிளாட். இவர்கள் மேல்மாடி. இவர்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே கீழ்வீட்டுக்காரர்களின் பாத்ரூம். அங்கே சீலிங்கில் ஈரம், காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய், வாட்ச்மேன் மூலமாகத்தான் தகவல் போய்வரும். வாட்டர்ப்ரூஃபிங் செய்கிறவர்கள் ஒரு குழு, "இன்ஸ்பெக்‌ஷன் இலவசம்" என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். சகலை வீட்டில் அவர்களைக் கூப்பிட்டார்கள். வந்தவர்கள் கால் மணி நேரம் இருந்தார்கள். தரை டைல்ஸ் முழுக்க உடைக்க வேண்டும், அடியில் கெமிக்கல் கோட்டிங், புது டைல்ஸ், பைப்பும் மாற்றிவிடலாம், 85,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சகலை எனக்குப் போன் செய்தார்.

நான் ஒரு பெரியவரை அழைத்துக்கொண்டு போனேன். படிக்காதவர். எங்கள் ஐ.டி.ஐ. பையன்களுக்குச் செய்முறை காட்ட முன்பு நான் கூப்பிடுவது வழக்கம். அவர் பையைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டு, நேரே கீழ்வீட்டு அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். அந்த அம்மா வந்ததும் ஒரே கேள்வி: "ராத்திரி பூரா சொட்டுதா தாயி, இல்ல காலைல மட்டுமா?" அந்த அம்மா சொன்னார், காலையில் இவர்கள் குளித்து முடித்த பிறகு சொட்டும், சாயங்காலம் நின்றுவிடும், ராத்திரி சத்தமே கிடையாது.

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நேயர்களே, அந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது. மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் பைப்பில் ராத்திரி பகல் எந்நேரமும் தண்ணீர் அழுத்திக்கொண்டே நிற்கும். அதில் ஓட்டை என்றால் ராத்திரியும் சொட்ட வேண்டும். சொட்டவில்லை. ஆக, பைப்பை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கழிவுத் தண்ணீர்ப் பக்கம்தான் கோளாறு.

அடுத்து ஒரு ரப்பர் ஹோஸை, பாத்ரூம் தரைத் தண்ணீர் வடிகிற டிராப்புக்குள் நேராக விட்டு, தரை நனையாமல் தண்ணீர் திறந்தார். கீழே நான் அண்ணாந்து நிற்கிறேன். அரை மணி நேரம், ஒரு சொட்டு இல்லை. டிராப்பும் அதன் கீழே போகிற பைப்பும் தேறிவிட்டன. அப்புறம் பாலிதீன் கவரில் பழந்துணியைச் சுருட்டி டிராப் வாயை அடைத்தார். தரையில் இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலக்கிவிட்டு, "சாப்புட்டு வருவோம்" என்றார். சாப்பிட்டு வந்து பார்த்தால் கீழ்வீட்டு சீலிங்கில், டிராப் தொங்குகிற இடத்தைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி நீலம். தண்ணீரை வடித்துவிட்டு மேலே டிராப்பைச் சுற்றி ஒரு ஆணியால் கீறினார். டைல்ஸுக்கும் டிராப்புக்கும் நடுவில் இருந்த ஒயிட் சிமென்ட் பொலபொலவென்று உதிர்ந்தது. அவ்வளவுதான் கோளாறு.

அங்கே சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி என்கிற கெட்டிப் பசையை வைத்து அடைத்தார்கள். அது இறுகும்வரை யாரும் அந்த பாத்ரூமில் குளிக்கவில்லை. சாமானுக்கு ஆனது சொற்பம். பெரியவர் கூலி 1,500 கேட்டார். 85,000 எங்கே, 1,500 எங்கே? என் கொழுந்தியாள் என்னை உள்ளே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார்: "ஸ்டூல்ல உக்காந்து கேள்வி கேட்டதுக்கு ஆயிரத்தி ஐந்நூறா அத்தான்?"

அந்தக் கேள்விக்குத்தான் ஆயிரத்து ஐந்நூறும் என்று சொன்னேன். கொழுந்தியாளுக்கு இன்றும் சமாதானம் இல்லை.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பார்க்கிற கூலி. நாம் கொடுக்கவில்லை என்றால் அதை வேறு யாராவது கொடுப்பார்கள். ஹார்ட்வேர் கடைக்காரர் கொடுப்பார், கமிஷனாக. பெயின்ட் வாளியைத் திறந்தால் உள்ளே டோக்கன் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பெயின்ட் வாங்கியது நீங்கள், டோக்கன் பெயின்டருக்கு. இப்போது மூடியில் உள்ள க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் பாயின்ட் ஏறுகிறது. நான் பெயின்டரைக் குறை சொல்லவில்லை. எந்தச் சுவருக்கு எது வேண்டும் என்று சொல்வதற்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை, கம்பெனி கொடுக்கிறது. அவர் யார் பக்கம் பேசுவார்?

ஆகவே ஆளைக் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்: "வந்து பாருங்க, பார்த்துச் சொல்றதுக்கு 300 ரூபாய் தர்றேன். வேலை உங்களுக்குக் கொடுத்தாலும் கொடுக்காட்டியும்." ஊருக்குத் தக்கபடி தொகை கூடலாம், குறையலாம். முதலில் விநோதமாகப் பார்ப்பார்கள். அப்புறம் அவர்கள் கேட்கிற கேள்விகளே மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

நேரம் ஓடுகிறது. கொத்தனார் வேலைக்கு வருகிறேன். பூச்சு நிற்கவில்லை, உதிர்கிறது என்பதுதான் பெரிய புகார். இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ஒன்று, டீ குடித்துவிட்டு வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் ஒரு மக் தண்ணீரை ஊற்றிக் கரணையால் மறுபடி குழைப்பார்கள். பார்க்கப் புதுக் கலவை மாதிரியே இருக்கும், பலம் இருக்காது. சிமென்ட் சேர்த்துத் தண்ணீர் ஊற்றினால் அரை மணி, முக்கால் மணிக்குள் பூசி முடித்துவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று கொத்தனார் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. பூசிவிட்டு அவர் போய்விடுவார். தண்ணீர் அடிப்பது யார்? சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், கடைகளில் இப்போது பெரும்பாலும் கிடைக்கிற சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கு உள்ள கணக்கு. பூச்சுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. நம்மில் எத்தனை பேர் மூன்றாம் நாள் அடிக்கிறோம்? அதுவும் சித்திரை வெயிலில், மேற்குச் சுவருக்கு? கூலியில் 100 ரூபாய் குறைக்கப் பேரம் பேசினவர்கள், காலையும் மாலையும் ஒரு வாளி தண்ணீர் தெளிக்கச் சோம்பல்படுகிறோம். ஆறு மாதத்தில் பூச்சு வெடித்தால் கொத்தனாரைத் திட்டுகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். மரவேலையைத் தொடவே இல்லை, ஆசாரிமார்கள் மன்னிக்க வேண்டும். கரண்ட் வேலையை மட்டும் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். லைசன்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள். ஒயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். கீசருக்கும் ஏ.சி.க்கும் தனித்தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று கேளுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும், நம் ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்று சொல்வது. கரண்ட் கசிந்தால் தானே விழுந்து கரண்டை நிறுத்துகிற ஸ்விட்ச் அது. அதில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று அதையே கழற்றிவிட்டு நேராக இணைத்துக் கொடுக்கிறவர்கள் உண்டு, "இனிமே விழாது சார்" என்று. ஒருக்காலும் சம்மதிக்காதீர்கள். அது விழுகிறதென்றால் வீட்டில் எங்கோ கரண்ட் கசிகிறது. எங்கே என்று ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்க்க வேண்டும், அரை நாள் ஆகும், அதற்கும் பார்க்கிற கூலி…

சரி, சரி, நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வணக்கம்.