இங்கிலீஷ்ல அந்த 'எஸ்' எங்க போடணும்? தமிழ்ல இருந்தே புரிஞ்சுக்கலாம்

வணக்கம் மக்களே! கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்கு வெளியில நின்னு பேசுறேன், வண்டி சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. உள்ள எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம்னு நிறைய பேர் படிச்சிட்டு இருக்காங்க, அவங்க புக்ல ஸ்பாட் தி எரர்னு, வாக்கியத்துல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கிற ஒரு பகுதி வரும்ல, அதுல சிங்குலர் புளூரல் கேள்வி அடிக்கடி வரும், நம்மாளுங்க நிறைய பேர் மார்க் விடுறதும் அங்கதான்.

ஏன் தடுமாறுறோம்னு பாருங்க. ஸ்டாப்ல நிக்கும்போது "ரெண்டு பஸ் வந்துச்சு"ன்னுதான் சொல்றோம், ரெண்டு பஸ்கள் வந்தனன்னு யாரும் பேசுறதில்ல. எண்ணிக்கைய சொல்லியாச்சு, அதனால 'கள்' தேவைப்படல, அஃறிணைங்கிறதால பேச்சுல வினைச்சொல்லும் ஒருமையிலயே நின்னுடுது. ஆனா மனுஷங்கன்னா "ரெண்டு பசங்க வந்தாங்க"ன்னு டக்குனு மாத்திடுறோம். இது சோம்பேறித்தனம் கிடையாதுங்க, 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்லயே பால்பகா அஃறிணைப் பெயர்னு, அதாவது ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவா நிக்கிற பேர்னு இதுக்கு இடம் இருக்கு, மாடு வந்தது, மாடு வந்தன, ரெண்டுமே சரி. இங்கிலீஷ் திணையெல்லாம் பாக்காது. பையனோ பஸ்ஸோ நாயோ, ஒன்னுக்கு மேல போனா டூ பஸ்ஸஸ் ஆர் கமிங்தான், டூ பஸ் இஸ் கமிங் வரவே வராது.

அடுத்தது வெர்ப்ல வர்ற எஸ். தமிழ்ல வந்தேன், வந்தான், வந்தா, வந்தாங்கன்னு யாருங்கிறது வினையிலயே தெரிஞ்சிடும். பழைய இங்கிலீஷ்லயும் இந்த மாதிரி விகுதிங்க நிறைய இருந்துச்சு, 1611-ல வந்த பைபிள எடுத்தா ஹீ கோயெத்னு பாக்கலாம். அதெல்லாம் தேஞ்சு தேஞ்சு இப்ப சாதாரண வெர்ப்ல ஹீ, ஷீ, இட்டுக்கு நிகழ்காலத்துல ஒரே ஒரு எஸ்தான் மிச்சம். தி பாய் ரன்ஸ், தி பாய்ஸ் ரன். பேர்ல எஸ் ஏறினா வெர்ப்ல இறங்கிடுது, ஆனா சில்ட்ரன் மாதிரி எஸ் இல்லாத புளூரலும் இருக்கு, அதனால எழுத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

இப்ப சொல்லப்போறதுதான் ரொம்ப முக்கியம், இத யாருமே கிளாஸ்ல சொல்லித்தர மாட்டேங்கிறாங்கன்னு எனக்கு உண்மையாவே வருத்தம். "கோயம்பேட்டுல தக்காளி விலை தினமும் மாறுது", இதுல மாறுறது எது? விலை. அடைமொழியெல்லாம் முன்னாடி வந்துட்டு, முக்கியமான பேர் வினைக்குப் பக்கமா வந்து நிக்குது, நம்ம காது அதுக்குப் பழகிடுச்சு. இங்கிலீஷ்ல அப்படியே தலைகீழ், தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ் சேஞ்சஸ் எவ்ரி டே. பிரைஸ் முதல்லயே வந்துடுது, வெர்ப் பக்கத்துல டொமேட்டோஸ் உக்காந்திருக்கு, காது அதப் புடிச்சுக்கிட்டு சேஞ்ச்னு சொல்ல வச்சிடுது. அதனால 'ஆஃப்' வந்தா அதுக்கு முன்னாடி என்ன பேர் இருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் வெர்ப் அதுக்குத்தான் கட்டுப்படும். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் லிவ்ஸ் இன் தாம்பரம், இதுவும் அதே கணக்குதான், இருக்கிறது ஒருத்தன், அதனால லிவ்ஸ், ஆனா பல பேர்ல ஒருத்தன்கிறதால ஃப்ரெண்ட்ஸ்ல எஸ் கண்டிப்பா வேணும். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்னு தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.

எவ்ரிபடியும் இப்படித்தான், நமக்கு எல்லாரும்னா வந்தாங்க, இங்கிலீஷ்ல எவ்ரிபடி ஹேஸ் கம், ஒருமை. நியூஸ் கடைசில எஸ் இருந்தாலும் இஸ், போலீஸ் எஸ் இல்லாட்டியும் ஆர். ஃபர்னிச்சர், லக்கேஜ், அட்வைஸ் மூணுக்கும் எஸ் கிடையாது. டீம்னா பிரிட்டிஷ்காரங்க ஆர் போடுறதும் உண்டு, அமெரிக்கால பெரும்பாலும் இஸ், நீங்க எதையாவது ஒன்ன புடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே எழுதுங்க.

அட்டவணைய மனப்பாடம் பண்ணுன்னு பசங்கள வதைக்கிறதுக்குப் பதிலா, உன் தமிழ் வாக்கியத்துல எது ஒருமை, வினை யாருக்குக் கட்டுப்படுதுன்னு முதல்ல கேளுங்க டீச்சர்ஸ், அந்த அறிவு அவங்ககிட்ட ஏற்கனவே இருக்கு.

சரி, ஒன்னு கேக்குறேன். எழும்பூர் ஸ்டேஷன், தி லக்கேஜ் ஆஃப் தி பாசெஞ்சர்ஸ், அடுத்து இஸ்ஸா ஆரா, ஆன் தி பிளாட்ஃபார்ம்? கமென்ட்ல எழுதுங்க, ஏன்னும் சேத்து எழுதுங்க, ஒவ்வொன்னா படிச்சு பதில் போடுறேன்.