போர்வையை மண்ணில் வரையாதீர்கள்

மண் வேலை பயிலும் இளைஞர்களும், வீட்டுப் பழைய போர்வைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் பெரியவர்களும் நிறைந்த இந்த அவைக்கு வணக்கம்.

குடும்பப் போர்வையைக் கண்டு அதைச் சுடுமண்ணில் செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். போர்வையின் படத்தை மண்ணில் வரைந்துவிடாதீர்கள். கட்டம் போட்டு, வண்ணம் நிரப்பி, சூளையில் வைத்து எடுத்தால் அழகான ஓடு கிடைக்கும். ஆனால் அதில் போர்வை இருக்காது. வீட்டுப் போர்வைகள் பெரும்பாலும் தாளில் திட்டமிட்டு வந்தவை அல்ல. எந்தத் துணி மிஞ்சியது, அதில் எந்த இடம் கிழியாமல் இருந்தது என்பதே வடிவத்தைத் தீர்மானித்தது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடும் இடம். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர். வாக்குரிமைக்காக அவர்கள் எழுந்த காலத்தில், 1962இல், ஆற்றைக் கடக்கும் படகையே அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். அது திரும்ப வந்தது 2006இல். அந்த ஊரின் மிசூரி பெட்வே கணவரை இழந்தார். கணவர் உடுத்தி உழைத்த உடைகளைப் பிரித்து, 1942இல் ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைத்திருக்கவும், அன்போடு அதைப் போர்த்திக்கொள்ளவும்தான் தைத்தார் என்று மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சியில்தான் ஜீஸ் பெண்ட் போர்வைகளை உலகம் சுவரில் தொங்கக் கண்டது.

அந்த ஊரின் உழைப்பு உடைப் போர்வைகளை உற்றுப் பாருங்கள். வெயிலில் வெளுத்த நீலத் துணியின் நடுவே, பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் கருநீலமாக நிற்கும். முழங்கால் பக்கம் தேய்ந்து வெளிறியிருக்கும். இந்தத் தடத்தைத்தான் மண்ணில் கொண்டுவர வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. தோல் பதத்தில், அதாவது பாதி காய்ந்து தோல்போல் இறுகி இருக்கும் மண்தகட்டில், நீலம் தரும் கோபால்ட் ஆக்சைடு கலந்த மண்கூழை முதலில் பூசுங்கள். கோபால்ட் மிகக் கொஞ்சம் போதும். வெளிர்மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கே நல்ல நீலம் தரும். அதன்மேல் சட்டைப்பையின் அளவில் ஈரத்தாள் ஒன்றை ஒட்டி, வெளிறிய கூழைத் தேய்மானம் தெரியும்படி ஏற்றத்தாழ்வாகப் பூசுங்கள். தாளை உரித்தால் பை இருந்த இடம் இருண்டு நிற்கும். கோபால்ட் தூளைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

ஒட்டுப்போடுவதற்கு வருவோம். கண்ட கண்ட மண்ணையெல்லாம் சேர்த்து ஒட்டாதீர்கள். மண் காய்ந்து, சுட்டு முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கிவிடும். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கினால் இணைப்பில் வெடிக்கும். ஒரே மண்ணைப் பல பங்காகப் பிரித்து, நிறம் தரும் ஆக்சைடுகளை வேறு வேறாகக் கலந்துகொள்ளுங்கள். விளிம்புகளைக் கீறி, அதே மண்ணின் கூழைத் தடவி அழுத்துங்கள். பிறகு துணி போட்டு மூடி மெதுவாகக் காயவிடுங்கள். இணைப்புக் கோடுகளை வழித்து மறைத்துவிட வேண்டாம். அவைதாம் உங்கள் தையல்.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வை எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழைய சேலையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி ஒட்டுத்துணிகளைச் சுற்றிச் சுற்றி நூலோட்டமாகத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள். நான்கு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றாமல் மண்ணில் செய்யுங்கள்: குழிந்த அச்சுக்குள் விளிம்பிலிருந்து ஒட்டுகளை வைத்துக்கொண்டே உள்நோக்கி வாருங்கள். கடைசி ஒட்டு எந்த வடிவில் அமையும் என்பது நடுவில் மிஞ்சும் இடத்தைப் பொறுத்தது. அந்தக் கட்டாயத்தில் பிறக்கும் வடிவத்துக்கு ஒரு தனி உயிர் உண்டு.

இன்னொரு முறையும் இருக்கிறது. துணியை மண்கூழில் தோய்த்துச் சூளையில் வைத்தால், பருத்தி சில நூறு டிகிரி வெப்பத்திலேயே எரிந்துவிடும். நெசவின் உருவில் மெல்லிய மண் ஓடு மட்டும் எஞ்சும். கண்ணைப் பறிக்கும் வேலைதான். ஆனாலும் உங்கள் பாட்டியின் சேலையை அதற்குக் கொடுக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நூலின் தடம் வேண்டுமென்றால் ஈரமண்ணில் துணியை வைத்து உருட்டுக்கட்டையால் மெல்ல உருட்டினால் போதும். சேலையின் கரையும் தையலும் அப்படியே பதியும். மண் கறை படும் என்று தோன்றினால், அதே நெசவுள்ள வேறு துணியைப் பயன்படுத்துங்கள்.

நம் வீடுகளிலும் பழைய நூல்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைகள் உண்டு. அவற்றை அருங்காட்சியகம் தேடி வந்ததில்லை. பரணிலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, தரை துடைக்கவும் போகின்றன. இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. வீட்டுக்குப் போனதும் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த ஒட்டு யாருடைய துணி, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். உங்கள் தகடு தோல் பதத்தில் இருக்கும்போது, பின்புறத்தில் அந்தந்த ஒட்டுக்கு நேராக அவர்கள் பெயரை ஊசியால் கீறிவிடுங்கள். கொண்டுவந்திருக்கும் போர்வைகளை இப்போது அந்த மேசைகளில் விரிக்கலாம். மண் பிசைந்து தயாராக இருக்கிறது, தேநீர் முடிந்ததும் தொடங்குவோம்.