மக்காத எருவைக் கன்னுக்குப் போட்டா இதான் ஆகும்

வணக்கம்ங்க. இந்தக் கன்னைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. முந்திரிக் கன்னு, விதை போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. அடியில ரெண்டு இலை மஞ்சளா வெளுத்திருக்கு, குருத்து மட்டும் பச்சையா இருக்கு. தெரியுதா? தழைச்சத்து, அதான் நைட்ரஜன், பத்தலைங்க. பழைய இலையில இருக்கிறதை எடுத்துத்தான் புது இலையை வளர்க்குது.

இத்தனைக்கும் கன்னு வளர்ற பைக்குள்ள எரு நிறையவே போட்டிருந்தேன். ஆனா அது அரைகுறையா மக்கினது, மரத்தூள் வேற கலந்திருந்துச்சு. மரத்தூள்ல கரிமம் ஏராளம், தழைச்சத்து ரொம்பக் கம்மி. அதை மக்க வைக்கிற நுண்ணுயிருக்கும் தழைச்சத்து வேணும்ல? மண்ணுல இருந்ததையே எடுத்துக்கிச்சு. வளமான மண்ணுன்னா சமாளிச்சிருக்கும். இது சரளை மண்ணுங்க, கன்னு பட்டினி கிடந்திருக்கு. எனக்கு மனசே கேக்கலை.

அதனால எருக்குழியில கையை விட்டுப் பாருங்க. உள்ள சூடு இருந்தா இன்னும் மக்கலை. மூக்கைத் துளைக்கிற கார வாடை வந்தாலும் அதேதான், அது வேரைக் கருக்கிடும். இதோ, இது மக்கினது. கருப்பா, உதிரியா இருக்கு பாருங்க. எது இலை, எது சாணின்னு பிரிக்கவே முடியாது. மழை பெஞ்ச மண்ணு வாசனைதான் வருது.

கலவை சுலபம். மண்ணு ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, இந்த எரு ஒரு பங்கு. வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம் தூள் பண்ணிச் சேர்த்து, ஈரம் காட்டி ரெண்டு வாரம் வெச்சிருந்து அப்புறம் விதை போடுங்க. வேரைத் தாக்குற நூற்புழுவையும் அந்தப் புண்ணாக்கு அடக்கும்.

செம்மண்காரங்களுக்கு இன்னொண்ணு. அந்த மண்ணுல இருக்கிற இரும்பு, மணிச்சத்தை, அதான் பாஸ்பரஸை, பிடிச்சு வெச்சுக்கும், வேருக்கு எட்டாது. வேம்னு ஒரு வேர்ப்பூஞ்சை உரம் இருக்கு. அதை விதைக்கு நேர் கீழ போடணும், முளைச்சு வர்ற வேர் அதைத் தொட்டுட்டுப் போகணும். அப்பதான் பூஞ்சை வேருல ஒட்டும். அந்த இழை வேர் போக முடியாத இடத்துக்கும் போய் மணிச்சத்தைக் கொண்டாந்து குடுக்கும். மேல தூவினா அவ்வளவா பலன் இல்லைங்க.

சரி, இந்தக் கன்னுக்கு இப்ப மண்புழு உரம் ரெண்டு கைப்பிடி வெச்சு, தண்ணி காட்டுறேன். மஞ்சளான இலை உதிர்ந்தா உதிரட்டும். அடுத்த குருத்து எப்படி வருதுன்னு பார்க்கணும், வந்ததும் இதே கன்னைக் காட்டுறேன்.