அஞ்சலட்டைக்கு யார் காசு கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். இந்த வேலூர்ப் பக்கத்தில் பல காலம் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குளோரின் வாளியோடு தெருத்தெருவாகச் சுற்றின ஆளுக்கு உலக வங்கி மானியத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் பணம் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் அந்தத் தெருதானே, அதனால் பேசுகிறேன்.

கொரோனாவில் பட்ட பாட்டுக்கு அப்புறம், 2022-ல் உலக வங்கியின் பொறுப்பில் 'பெருந்தொற்று நிதியம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த தொற்று வருவதற்கு முன்பே வளரும் நாடுகள் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கான பணம். கடன் இல்லை, மானியம். திருப்பிக் கட்ட வேண்டாம். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் கண்காணிப்பு, ஆய்வகம், பயிற்சி பெற்ற ஆட்கள், இந்த மூன்றுக்கும்தான் கொடுக்கிறார்கள். 2023-ல் முதல் சுற்றில் 37 நாடுகளுக்குச் சுமார் 33.8 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் நம் நாட்டுக்கு 2.5 கோடி டாலர், நம் பணத்தில் 200 கோடி ரூபாய்க்குச் சற்று மேலே. அத்தனையும் கால்நடை நலத்துக்கு.

மனுஷனுக்கு வருகிற நோயைத் தடுக்க மாட்டுக்கு எதற்குப் பணம்? பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். எங்கெங்கிருந்தோ வந்த மாடும் மனிதரும் தோளோடு தோள் நிற்கிற இடம் அது. புதிதாக மனிதரைப் பிடிக்கிற தொற்றுகளில் பெரும்பாலானவை விலங்கிடமிருந்துதான் வருகின்றன. பழையவையும் அப்படித்தான்: வெறிநாய்க்கடி, எலிக்காய்ச்சல், ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான். அடைப்பான் நம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் நன்றாக அறிந்த பெயர். ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கிற அரசு நிலையம் 1932-லிருந்து இருக்கிறதே, சும்மாவா?

சரி, இப்போது நான் எங்கே போனாலும் சொல்கிற கதைக்கு வருகிறேன். வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள், நீங்களாவது கேளுங்கள்.

1980-களில், வேலூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்து ஒரே வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்தபோது, சி.எம்.சி. மருத்துவமனையின் வைரஸ் துறைப் பேராசிரியர் ஜேக்கப் ஜான் ஒரு முறையைக் கொண்டுவந்தார். கருவி என்று பார்த்தால் அஞ்சலட்டை. ஆம், போஸ்ட் கார்டுதான். மருத்துவர்கள் கையில் தபால்தலையோடு தயாராகக் கார்டு இருக்கும். அரசு ஆஸ்பத்திரி, மிஷன் ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக் என்ற பேதமே இல்லை. காலராவோ, தட்டம்மையோ, மூளைக்காய்ச்சலோ என்று சந்தேகம் வந்தாலே போதும். நோயாளியின் வயது, ஊர், சந்தேகப்படுகிற நோய், இவ்வளவையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம். ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் போதும் என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் உறுதியாகட்டும் உறுதியாகட்டும் என்று காத்திருக்கிற நேரத்தில்தான் ஒரு வீட்டு வயிற்றுப்போக்கு ஒரு தெரு வயிற்றுப்போக்காக ஆகிறது.

கார்டுகளை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரே கிராமத்திலிருந்து இரண்டு மூன்று வந்தால் ஆள் போகும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. மாதாமாதம் ஒரு சின்ன அறிக்கை அச்சாகி, கார்டு போட்ட மருத்துவர்களுக்குத் திரும்பப் போகும். எந்த ஊரில் என்ன நோய், என்ன செய்தார்கள் என்று அதில் இருக்கும். தான் எழுதினதை யாரோ படித்தார்கள் என்று தெரிந்தால்தானே அடுத்த மாதமும் எழுதுவார்? பதிலே வராத இடத்துக்கு நீங்கள் எத்தனை கடிதம் போடுவீர்கள்? 1998-ல் 'லான்செட்' மருத்துவ இதழில், வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரி என்று இந்த முறையைப் பற்றிக் கட்டுரை வந்தது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டமும் இதையே எடுத்துக்கொண்டது.

பிறகு 2004-ல் உலக வங்கி உதவியோடு நாடு முழுவதற்கும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. கணினி வந்தது, வாராந்திரப் படிவம் வந்தது. வங்கிப் பணம் முடிந்த பிறகு அரசே செலவை ஏற்றுக்கொண்டு நடத்துகிறது. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மானியப் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. வாங்கக்கூடிய பொருளைப் பார்த்தால் அதற்கு ஆசை. இயந்திரம் வாங்கலாம், ரிப்பன் வெட்டலாம், படம் எடுத்து அறிக்கையில் ஒட்டலாம். ஓர் ஊரில், பெயர் வேண்டாம், நல்ல விலையுள்ள சோதனைக் கருவி ஒன்று துணி போர்த்திக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு ஊற்றுகிற ரசாயனம் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த டெக்னீஷியனும் திட்டம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டார். பெட்ரோல் படி, ரசாயனம், சம்பளம், பதில் எழுதுகிற தாள், இவையெல்லாம் படத்தில் விழாது. மானியத்துக்கு விண்ணப்பம் எழுதும்போதே, மானியம் தீர்ந்த பிறகு இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்தே போடக் கூடாது என்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ஆய்வகங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதி வந்தேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1986-ல் நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது, சென்னையில் எடுத்து ரயிலில் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த ரத்தத்தை வேலூரில் சோதித்தபோதுதான். மாதிரி எடுத்தவர் நிர்மலா, ஊக்கம் கொடுத்தவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். ஆட்களைப் பற்றிய பக்கத்துக்கு நேரமே இல்லை.

ஆடு மாடு வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆடு திடீரென்று செத்து, மூக்கிலோ வாயிலோ உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி விதையாக மாறி மண்ணில் பல வருஷம் கிடக்கும். கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லுங்கள். மருத்துவர் யாரென்று தெரியாவிட்டால் 1962-க்குப் போன் செய்யுங்கள். அடைப்பான்தான் என்று உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும். நன்றி, வணக்கம்.