ரயிலைச் சுமக்கும் கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். ரயில் பெட்டிகளை அவற்றின் சரக்கோடும் பயணிகளோடும் அப்படியே ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் கப்பலை ரயில் ஃபெர்ரி என்கிறோம். கப்பலின் தளத்தில் தண்டவாளம் பதிப்பது பெரிய வேலையல்ல. நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் அந்தத் தண்டவாளத்தைக் கரையில் அசையாமல் கிடக்கும் தண்டவாளத்தோடு எப்படிச் சேர்ப்பது என்பதே இத்தொழிலின் தலையாய சிக்கல்.

1850ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் 'லெவியதன்' என்ற கப்பலை ஓடவிட்டபோது, பொறியாளர் தாமஸ் பௌச் இதற்கு நல்லதொரு விடை கண்டார். கரையில் சரிவான கல்தளம் ஒன்றைக் கட்டி, அதன்மேல் சக்கரங்களில் நகரும் மேடையை வைத்தார். கடல் ஏறினால் மேடை மேலேறும், வற்றினால் கீழிறங்கும். மேடையின் முனையிலிருந்த சிறு பாலம் கப்பலின் தளத்தைத் தொட்டது. ஆனால் இந்த வசதி சரக்குக்கு மட்டும்தான். பயணிகள் பெட்டியை விட்டு இறங்கி, வேறு படகில் ஏறி, அக்கரையில் வேறு வண்டி பிடித்தார்கள். இதே பௌச் பிற்பாடு கட்டிய டே பாலம் 1879இல் புயலில் ரயிலோடு இடிந்து விழுந்தது. ஃபோர்த்துக்காக அவர் வரைந்திருந்த பாலத் திட்டமும் அத்தோடு கைவிடப்பட, வேறு பொறியாளர்கள் கட்டி 1890இல் திறந்த பாலம் அவருடைய ஃபெர்ரிக்கு ஓய்வு கொடுத்தது.

பின்னாளில் சரிவு மேடைக்குப் பதிலாக, ஒரு முனை கரையில் கீல்போல் பொருத்தப்பட்டு மறுமுனை கப்பலின்மேல் அமரும் இணைப்புப் பாலம் பரவலாயிற்று. ஏற்றும் வேளையில் அதன் அருகே நின்று பார்த்தால் வேலையின் நுணுக்கம் புரியும். கனமான இஞ்சின் பாலத்தின்மேல் வரக்கூடாதென்பதற்காக, அதற்கும் ஏற்ற வேண்டிய பெட்டிகளுக்கும் இடையே சில வெற்றுப் பெட்டிகளைக் கோத்துத் தள்ளுவார்கள். ஒரே பக்கத்தில் சுமை சேர்ந்தால் கப்பல் சாய்ந்து, பாலமும் முறுக்கிக்கொள்ளும்; ஆகவே இடமும் வலமும் சமனாகும்படி வரிசை பார்த்து ஏற்றுவார்கள், அதற்குள் நேரும் சாய்வைப் பக்கவாட்டுத் தொட்டிகளில் தண்ணீரை மாற்றி நிமிர்த்துவார்கள். பிறகு சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, சங்கிலிகளால் பெட்டிகளைத் தளத்தோடு இறுக்குவார்கள்.

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் கடல் ஏறி இறங்கும் அளவு மிக அதிகம் என்பதால் பாலம் மட்டும் போதவில்லை. அங்கே கப்பல் உள்ளே வந்ததும் கதவுகளை அடைத்து, வேண்டிய மட்டத்துக்குத் தண்ணீரைச் சரிசெய்யும் கப்பல் தொட்டி கட்டினார்கள். 1936 முதல் 1980 வரை, உலகப் போர்க்காலம் நீங்கலாக, லண்டனில் படுத்தவர் பெட்டியை விட்டு இறங்காமலே பாரிஸ் போய்ச் சேர்ந்தது அதனால்தான். இறங்கவில்லை என்றேனே தவிர, நடுநிசியில் அந்தச் சங்கிலிகளின் இரைச்சலில் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன்.

ரயில் உள்ளே வரப் பின்புறத்தில் விடப்பட்ட திறப்பே அலைக்கும் வழியானது. 1929இல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் 'மில்வாக்கி' என்ற ரயில் ஃபெர்ரி மூழ்கி, அதிலிருந்த அனைவரும் இறந்தனர். பின்புற அடைப்பு வளைந்துவிட்டதாகக் கப்பலில் எழுதப்பட்ட குறிப்பு பிறகு கரை ஒதுங்கியது. ஜப்பானில் ஹகோடாட்டேவுக்கும் அவோமோரிக்கும் இடையே ஓடிய 'தோயா மாரு'வின் பின்புறத்திலோ கதவே இல்லை. 1954 செப்டம்பர் 26 அன்று சூறாவளியில் பெட்டித் தளத்துக்குள் புகுந்த கடல்நீர் இயந்திர அறைக்கும் இறங்க, இயந்திரங்கள் நின்று கப்பல் கவிழ்ந்தது. 1,150க்கும் அதிகமானோர் மாண்டனர். அதே இரவில் அத்தடத்தின் வேறு நான்கு கப்பல்களும் மூழ்கின. அத்தடத்துக் கப்பல்களுக்குப் பின்புறக் கதவுகள் அதன்பிறகே வந்தன. கடலுக்கடியில் சுரங்கம் தோண்டும் யோசனையும் வலுப்பெற்று, 1988இல் செய்கான் சுரங்கம் திறந்தபோது அந்த ஃபெர்ரி நின்றது.

டென்மார்க்கின் கிரேட் பெல்ட் நீரிணையிலும் 1883இல் தொடங்கிய ரயில் ஃபெர்ரி, 1997இல் பாலமும் சுரங்கமும் வந்ததும் முடிந்தது. இத்தாலியையும் அதன் சிசிலித் தீவையும் பிரிக்கும் மெசினா நீரிணையிலோ, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அகலமே இருந்தும் பாலம் இன்னும் எழாததால், பயணிகள் ரயில் இன்றும் கப்பலேறுகிறது. முழு வண்டியும் தளத்தின் நீளத்துக்குள் அடங்காது. ஆகவே அதைத் துண்டுகளாகப் பிரித்து இணையான தண்டவாளங்களில் அடுக்கிக் கடத்தி, அக்கரையில் ஒவ்வொன்றாக இழுத்து மறுபடி கோத்த பின்னரே வண்டி சிசிலிக்குள் புறப்படுகிறது.